கூப்பிட்டோம், ஒருத்தியும் வரல

அழைப்பிதழ்ல என் பேருக்கு முன்னால ‘முன்னோடி’ன்னு போட்டிருக்கீங்க. முதல்ல அத்த அடிச்சுடுங்க பொண்ணுங்களா. கச்சிராயபாளையத்துல இருந்து மெட்ராஸ் போனேன், சினிமாவுல நடிகைங்களுக்குத் தலை வாரிவிட்டேன், முட்டி தேஞ்சதும் திரும்ப கச்சிராயபாளையத்துக்கே வந்து உக்காந்துக்கினு இருக்கேன். இதுல முன்னோடி இன்னா, பின்னோடி இன்னா? ‘சிகை அலங்காரம்’னு டைட்டில்ல என் பேரு வந்த படம் சிலது இருக்குது. நீங்க சீட்டு தேடி உக்காந்து நிமிர்றதுக்குள்ள அது ஓடிப்போயிடும்.

சினிமாவுலயும் டிவியிலயும் வேலை செய்யற பொண்ணுங்க எல்லாம் கள்ளக்குறிச்சியில ஒண்ணு கூடறோம், புதுசா வர்றவங்களுக்குத் தெம்பா நாலு வார்த்த சொல்லுங்கம்மான்னு உங்கள்ல ஒரு பொண்ணு வூட்டுக்கே வந்து கேட்டுது. நல்ல பொண்ணு. ஆனா தெம்பா சொல்ல என்கிட்ட சரக்கு இல்ல. இருக்கறத சொல்றேன். கேட்டுட்டு டீ குடிச்சுட்டுப் போங்க.

இன்னிக்கு உங்கள்ல பல பேரு சங்கம் குடுக்கற மேக்கப் கார்டு வச்சிருக்கீங்க. செட்டுல தைரியமா பிரஷ்ஷ எடுக்கறீங்க. நான் வேலைக்குப் போன காலத்துல பொம்பளைக்குத் தலை வாரற கார்டுதான் குடுப்பாங்க. மூஞ்சிய தொடக்கூடாது. மூஞ்சி ஆம்பளைங்க வேலை. நாங்க காதுக்கு மேலதான். சிரிக்கறீங்க இல்ல? அன்னிக்கு நாங்க சிரிக்கல.

எனக்குத் தொழில் கத்துக்குடுத்தவங்க ஒருத்தங்க. அவங்க பேர சொல்ல மாட்டேன். உசுரோட இருந்தப்போ எந்த டைட்டில்லயும் சரியா போடாத பேர, இப்ப நான் மைக்குல சொல்லி இன்னா ஆவப்போவுது? அக்கான்னே சொல்றேன். கார்டு தலைக்குத்தான். ஆனா ரூம் கதவ சாத்தினதும் மூஞ்சி வேலை மொத்தமும் அக்காதான் பண்ணுவாங்க. பெரிய பெரிய ஹீரோயினுங்க அக்கா கை பட்டாத்தான் கேமரா முன்னால வருவாங்க. கார்டு வச்ச மேக்கப்மேன் வெளிய நாற்காலி போட்டு பேப்பர் படிச்சுக்கினு இருப்பாரு. ஷாட் ரெடின்னு சொன்னதும் எழுந்து வந்து, எல்லாரும் பாக்கற மாதிரி ஹீரோயின் நெத்தியில ஸ்பாஞ்சால தட்டுவாரு. தீர்ந்தது. மேக்கப் அவரோடது. ஒரு தடவ அவருக்கு மேடையில மாலை கூடப் போட்டாங்க. அக்கா கீழ உக்காந்து கை தட்டினாங்க. நான் தட்டல.

காயம் போடறதுன்னா அக்காவுக்குத் தனி ஆசை. பஞ்சு, பசை, தேன், சிவப்புக் கலரு, கொஞ்சூண்டு காப்பித்தூள் டிகாக்‌ஷன். ரத்தம் காயக் காய கறுக்கும் பாருங்க, அது வரைக்கும் கொண்டாந்துடுவாங்க. ஒரு நாள் ஸ்டண்ட் போடற சண்டைக்காரர் ஒருத்தருக்கு மண்டையில போட்ட காயத்தப் பாத்துட்டு, அவருக்குச் சாப்பாடு கொண்டாந்த சம்சாரம் கேரியர கீழ போட்டுட்டு ஓன்னு கத்திடுச்சு. அக்காவுக்கு அன்னிக்கு வந்த சந்தோஷம் இருக்கே! "பொண்டாட்டியே ஏமாந்துட்டாடி"ன்னு ஒரு வாரம் சொல்லிக்கினே இருந்தாங்க.

நீங்க இப்ப கூட்டம் போடறீங்க, பேனர் கட்டறீங்க. நாங்களும் கூட்டம் போட்டோம். கூட்டம்னு சொன்னா மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டான். அதனால வளைகாப்புன்னு சொல்லிக்கினு கூடுவோம். தலை வாரற பொம்பளைங்க, டச்-அப்புக்கு நிக்கற பொண்ணுங்க, யாராவது ஒருத்தி வூட்டுல. தெருவுல பாக்கறவனுக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு கலந்த சாதம் கூடக் கிண்டுவோம். எத்தனையோ வளைகாப்பு நடந்துது, புள்ள ஒண்ணும் பொறக்கல. எந்தக் கம்பெனி மானேஜர் கதவத் தட்டுவான், எந்த லாட்ஜுல தாழ்ப்பாள் சரியில்ல, எல்லாம் அங்கதான் சொல்லிக்குவோம். அங்கதான் கார்டுக்கு மனு குடுக்கறதுன்னும் முடிவாச்சு.

மனு குடுத்தோம். ரொம்ப நாள் இழுத்தடிச்சாங்க. கடைசியில சங்கத்துல இருந்து பதில் வந்துது. பொம்பளைக்கு மேக்கப் வருமான்னு எங்களுக்குத் தெரியாது, ஒருத்தி நேர்ல வந்து கமிட்டி முன்னால செஞ்சு காட்டட்டும், பாத்துட்டு எல்லாருக்கும் சேத்து முடிவு பண்றோம்னு. தேதியும் குடுத்தாங்க. அன்னிக்கு வரலன்னா மனு தள்ளுபடி. எங்களுக்கெல்லாம் யாரு போவணும்னு யோசனையே இல்ல. அக்காதான். அக்கா கை வேலைய ஒரு தடவ கண்ணால பாத்துட்டா எவன் இல்லன்னு சொல்லுவான்?

அந்த நேரம் பாத்து எங்களுக்கு ஷூட்டிங் கரியாலூர் மலையில. அருவிகிட்ட பாட்டு எடுத்துக்கினு இருந்தாங்க. முன்னாடி நாள் காலையில கெளம்பினா உளுந்தூர்பேட்டை போய் மெயின் ரோட்டப் புடிச்சு ராத்திரிக்குள்ள மெட்ராஸ் போயிடலாம்னு கணக்கு. ஆனா மலைக்குக் கீழ ஊருங்கள்ல இடஒதுக்கீடு கேட்டு மறியல் ஆரம்பிச்சுட்டாங்க. ரோட்டோரம் இருக்கற புளிய மரத்த வெட்டிக் குறுக்கால போட்டுட்டாங்க. பஸ் இல்ல, லாரி இல்ல. அது எங்க சனம் கேட்ட போராட்டம்தான். எங்க மாமா, எங்கம்மாவோட தம்பி, அதுல முன்னால நின்னாரு. அவரு மவன் படிச்சுட்டு வேலையில்லாம கரும்பு வெட்டிக்கினு இருந்தான். அவங்க கேட்டதுல தப்பு இல்லன்னு அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன்.

புரொடக்‌ஷன் மானேஜர் வண்டி தர மாட்டேன்னுட்டான். ஹீரோயினுக்கு விஷயம் தெரிஞ்சுது. அவங்க சொந்தக் கார், சொந்த டிரைவர். "என் வண்டிய எடுத்துட்டுப் போங்கக்கா. எனக்குத் தலைவலின்னு படுத்துக்கறேன். ஷூட்டிங் நின்னா நிக்கட்டும்"ன்னாங்க. அந்தம்மா செஞ்சத நான் மறக்க மாட்டேன். அக்கா என்னையும் துணைக்கு இட்டுக்கினு கெளம்பினாங்க, எனக்கு அந்தப் பக்கம் வழி தெரியும்னு.

மலை எறங்கி கோமுகி அணை கிட்ட வரும்போது எதுத்தாப்ல நடந்து வந்த ஒரு ஆளு கைய நீட்டி வண்டிய நிறுத்தினாரு.

"எங்க போறீங்க? ஊருக்கு முன்னால மரம் போட்டுக்கீறாங்க. ஆஸ்பத்திரி கேஸுன்னாத்தான் விடறாங்க. காலையில வலி எடுத்த பொம்பளைய ஏத்திக்கினு ஒரு வண்டி வந்துது, அத்த மட்டும் மரத்த நகத்தி வுட்டாங்க. மத்த வண்டியெல்லாம் திரும்பிப் போய்க்கினு இருக்குது."

அந்த ஆளு போயிட்டாரு. டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்குல தலைய சாச்சுட்டாரு. அக்கா மடியில இருந்த மேக்கப் பெட்டியத் தொறந்தாங்க.

வேற எந்தத் தொழில் பண்றவளுக்கும் அந்த நேரத்துல அது தோணியிருக்காது. வாத்தியாரம்மாவா இருந்தா கெஞ்சியிருப்பாங்க. நர்ஸம்மாவா இருந்தா அடையாள அட்டையக் காட்டியிருப்பாங்க. எங்களுக்குத் தெரிஞ்சது வேஷம். "படுடி"ன்னாங்க. படுத்தேன். நெத்தியில இருந்து காது வரைக்கும் கிழிச்சாங்க. தாவணியில ரத்தக் கலரத் தெளிச்சாங்க. டிரைவர் அண்ணன் திரும்பிப் பாத்துட்டு, "அய்யோ, அம்மா, எனக்கு வாந்தி வருது"ன்னாரு. தேன் வாசத்துக்கு ஈ வந்து மொய்ச்சுது. அக்கா ஈய ஓட்டல. "இருக்கட்டும், நல்லாருக்குது"ன்னாங்க.

மரத்துகிட்ட வண்டி நின்னுது. நான் அக்கா மடியில கண்ண மூடிப் படுத்துக்கினு இருக்கேன். சத்தம் மட்டும் கேக்குது. "வழி வுடுங்கய்யா, அடிபட்ட பொண்ணு"ன்னு அக்கா கெஞ்சறாங்க. யாரோ கதவத் தொறந்தாங்க. அப்புறம் ஒரு கொரலு.

"டேய்! இது எங்க அக்கா பொண்ணுடா! அய்யோ, கண்ணு!"

எங்க மாமா. அவரு அந்த மரத்துகிட்டதான் இருப்பாருன்னு யாருக்குத் தெரியும்? என் கன்னத்தத் தட்டறாரு. ஒரு சொட்டு கண்ணீர் என் கழுத்துல விழுந்துது. நான் கண்ணத் தொறக்கல. தொறந்தா எல்லாம் போச்சு.

"யாரும்மா அடிச்சது? எவன் அடிச்சான்?"

"தெரியலய்யா, மலையில இருந்து வர்றோம்..."ன்னு அக்கா தடுமாறினாங்க.

பின்னால இருந்து ஒருத்தன் சொன்னான்: "நேத்து மலைக்குப் போலீஸ் வண்டி போச்சே!"

அவ்ளோதான். எங்க வாயில இருந்து போலீஸுன்னு ஒரு வார்த்த வரல. அவங்களே கேட்டாங்க, அவங்களே பதில் சொல்லிக்கினாங்க. மரத்த பத்து இருவது பேரு சேந்து இழுத்தாங்க. மாமா யாரோட மோட்டார் சைக்கிளோ வாங்கி, "நான் முன்னால போய் வழி பண்றேன், பின்னாலயே வாங்க"ன்னு பறந்தாரு.

வழியில அடுத்தடுத்த மரமெல்லாம் ஏற்கெனவே ஓரமா கெடந்துது. மாமா சொல்லிக்கினே போயிருக்காரு. கள்ளக்குறிச்சிய நெருங்கும்போது சத்தம் கேட்டுது. திருவிழாவுக்குக் கூடற மாதிரி சனம். "வந்துட்டா, வந்துட்டா, போலீஸ்காரன் அடிச்சு மண்ட ஒடஞ்ச பொண்ணு!" பொம்பளைங்க கண்ணாடி வழியா எட்டிப் பாத்து மாருல அடிச்சுக்கினாங்க. நான் கண்ண இறுக்கி மூடிக்கினேன். கரும்பு, கல்லு, கடப்பாரை, கைக்குக் கெடச்சதயெல்லாம் எடுக்கற சத்தம்.

டிரைவர் அண்ணன் மெதுவா சொன்னாரு: "அக்கா, ரோடு முனையில போலீஸ் நிக்குது. துப்பாக்கி வச்சிருக்காங்க. இவங்க எல்லாம் அங்கதான் போறாங்க. நமக்கு வலது பக்கம் ரோடு காலியா இருக்குது. ஒரு அழுத்து அழுத்தினா தியாகதுருகம் போயிடலாம். மரமெல்லாம் நமக்காக எடுத்துட்டாங்க."

அக்கா கண்ணாடி வழியா ஓடற சனத்தப் பாத்தாங்க.

"போலாம்க்கா"ன்னு நான்தான் சொன்னேன். இத்த நான் மறைக்கப் போறதில்ல, இதுக்காக வெக்கப்படவும் போறதில்ல. எனக்கு வேண்டியது கார்டு. எங்க எல்லாருக்கும் வேண்டியது கார்டு. அந்தச் சனத்துக்குக் கோவம் இருந்துது, அது எங்களால வந்த கோவம் இல்ல. அந்த வருஷம் எத்தனையோ எடத்துல துப்பாக்கி வெடிச்சுது, எங்க காயத்தப் பாத்துட்டா வெடிச்சுது?

அக்கா கதவத் தொறந்துட்டாங்க.

"ஏய்யா, நில்லுங்கய்யா! யாரும் அடிக்கல!"ன்னு கத்தினாங்க. அந்தச் சத்தத்துல யாரு காதுல விழும்? ஒருத்தன் திரும்பி, "நீ பயப்படாத தாயி, நாங்க பாத்துக்கறோம்"ன்னுட்டு ஓடறான். அக்கா என் கையப் புடிச்சு வெளிய இழுத்தாங்க. நடுரோட்டுல நிக்க வச்சாங்க. எதுக்கால மாமா. அக்கா என் நெத்தியில நகத்த வச்சு, காயத்த ஓரமா புடிச்சு, ஒரே இழுப்பா உரிச்சாங்க.

தோலு கிழியற மாதிரியே வந்துது. பாத்துக்கினு இருந்த பொம்பளைங்க வீல்னு கத்தினாங்க. அடியில என் நெத்தி மழமழன்னு, ஒரு கீறல் இல்லாம.

"பாருங்க! பஞ்சு! தேனு! மேக்கப்புய்யா! வழி கெடைக்கறதுக்காக நான்தான் போட்டேன். யாரும் அடிக்கல, போவாதீங்க, போனா சுடுவான்!"

முன்னால இருந்தவங்க நின்னாங்க. அப்புறம் பின்னால இருந்தவங்க நின்னாங்க. மாமா கிட்ட வந்தாரு. என் நெத்தியத் தொட்டுப் பாத்தாரு. வெரலுல ஒட்டின தேன மோந்தாரு.

"நாங்க சாவறது உனக்கு ஷூட்டிங்காடி?"

அத்தோட சரி. அவரு என்ன அடிக்கல. அடிச்சிருந்தா பரவால்ல. அக்காவத்தான் அடிச்சாங்க. ஒரு பொம்பள வந்து கன்னத்துல வுட்ட அறையில அக்கா கீழ விழுந்துட்டாங்க. பெட்டிய எடுத்து ரோட்டுல போட்டு மிதிச்சாங்க. பிரஷ்ஷு, டப்பா, கலரு, எத்தனையோ வருஷமா சேத்தது, மண்ணோட மண்ணா போச்சு. மரத்த திரும்பவும் குறுக்கால இழுத்துப் போட்டாங்க. "வந்த வழியே போங்க"ன்னாங்க. போனோம். வழியில ஒவ்வொரு மரத்துகிட்டயும் எறங்கி, உண்மையச் சொல்லி, காறித் துப்பறத வாங்கிக்கினுதான் மலை ஏறினோம்.

அன்னிக்கு அந்த ரோட்டுல துப்பாக்கி வெடிக்கல. ஒருத்தரும் சாவல. அதுக்காக எவனும் அக்காவுக்கு நன்றி சொல்லல. நடக்காததுக்கு யாரு நன்றி சொல்லுவா? எங்க மாமா சாவற வரைக்கும் என்கிட்ட பேசல. அவரு மவன் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரல.

மெட்ராஸுல மறுநாள் எங்க பொம்பளைங்க சங்கத்து வாசல்ல அக்கா வருவாங்கன்னு சாயந்திரம் வரைக்கும் நின்னிருக்காங்க. கமிட்டி முன்னால மூஞ்சி போட்டுக் காட்டற அளவுக்குத் தொழில் தெரிஞ்சவ அவங்கள்ல இல்ல. உள்ள கமிட்டி உக்காந்து, காப்பி குடிச்சு, எழுந்து போயிடுச்சு. "கூப்பிட்டோம், ஒருத்தியும் வரல"ன்னு கூட்டத்து மினிட் புக்குல எழுதிட்டாங்க. வாசல்ல நின்னவங்க எல்லாம் கணக்குல இல்ல போல. அதுக்கப்புறம் எத்தனை மனு குடுத்தாலும் அதே பதில்தான். பேட்டியில கேட்டாலும் அதான், மேடையில கேட்டாலும் அதான். பொம்பளைங்களுக்கு ஆர்வம் இல்லீங்க, நாங்க அப்பவே கூப்பிட்டோம், ஒருத்தியும் வரல.

அதவிடக் கொடுமை எங்க ஆளுங்க பேசினது. நாங்க மெட்ராஸ் திரும்பினதும் எல்லாரும் கூடினோம். நடந்தத அக்கா சொன்னாங்க. ஒருத்தி கேட்டா: "எவனோ சாவான்னு எங்க பொழப்ப ரோட்டுல போட்டுட்டு வந்துட்டியா?" இன்னொருத்தி, "வேஷம் போடாமலே போயிருக்கலாமே, கெஞ்சியிருந்தா வுட்டிருக்க மாட்டாங்களா?"ன்னா. அதான் கடைசிக் கூட்டம். அவங்கவங்க வாய்ப்ப அவங்கவங்க பாத்துக்கினாங்க. ஒருத்திக்குத் தெரிஞ்ச சேதி இன்னொருத்திக்குப் போறது நின்னுபோச்சு. தாழ்ப்பாள் சரியில்லாத ரூமுக்குத் தெரியாம போய் மாட்டினவளும் உண்டு. அந்தக் கதையச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல.

அக்கா காயம் போடறத விட்டுட்டாங்க. மூஞ்சி போடறதையே விட்டுட்டாங்க. எந்த ஹீரோயின் கேட்டாலும், "எனக்குக் கார்டு தலைக்குத்தாம்மா"ன்னுடுவாங்க. தலை மட்டும் வாரினாங்க, கண்ணு தெரியாம போற வரைக்கும்.

இதுல நாங்க கத்துக்கறது இன்னாம்மான்னு கேப்பீங்க. தெரியலம்மா. அவசரத்துல உனக்கு நல்லா வர்ற வித்தையத்தான் உன் கை தேடும், அப்பத்தான் ஜாஸ்தி ஜாக்கிரதையா இருக்கணும்னு சொல்லலாம். நல்ல வித்தை கெட்ட எடத்துல நிஜமாயிடும். இத்தக் கேட்டு இன்னா பண்ணுவீங்க? கெட்ட எடம் எதுன்னு முன்கூட்டித் தெரியவா போவுது? அன்னிக்கு அக்கா வண்டிக்குள்ளயே உக்காந்திருந்தா, உங்களுக்கு இப்ப கெடச்ச கார்டு உங்க அம்மாங்களுக்கே கெடச்சிருக்கும். எத்தனை பொம்பளைங்க இந்த நடுவுல வாய்ப்பில்லாம, பேரில்லாம, கதவுக்குப் பின்னாலயே வேலை செஞ்சு செத்தாங்க தெரியுமா? ஒரு தட்டுல அவங்க, ஒரு தட்டுல ரோட்டுல ஓடின அந்தச் சனம். எனக்கு நிறுக்கத் தெரியல. நிறுக்கத் தெரிஞ்சவங்க யாராவது உங்கள்ல இருந்தா எழுந்து சொல்லுங்க, நான் உக்காந்துடறேன்.

பொம்பளைக்கும் கார்டு உண்டுன்னு கடைசியில கோர்ட்டுல தீர்ப்பு வந்தப்போ, சேதிய சொல்ல நான்தான் ஓடினேன். அக்கா கட்டில்ல படுத்திருந்தாங்க. கண்ணு சுத்தமா போயிடுச்சு. மூச்சு வாங்குது. நான் கையப் புடிச்சுக்கினு சொன்னேன். "பொண்ணுங்க எல்லாம் கார்டு வாங்கப் போறாங்கக்கா."

அக்கா என் வெரல ஒவ்வொண்ணா தடவிப் பாத்தாங்க. அப்புறம் கேட்டாங்க.

"ஏண்டி, அன்னிக்கு நான் எறங்காம இருந்திருந்தா?"

"நீங்க செஞ்சதுதான் சரி அக்கா"ன்னேன்.

"சரியா தப்பான்னு கேக்கல. எல்லாரும் அதான் சொல்றீங்க. போயிருந்தா கார்டு வந்திருக்குமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கமிட்டிக்காரனுங்க எப்படியும் குடுத்திருக்க மாட்டானுங்கன்னு சொல்லியிருந்தா நிம்மதியா கண்ண மூடியிருப்பாங்க. ஆனா அவங்க கை வேலைய நான் பாத்தவ. ஊரே நம்பின காயத்த என் நெத்தியில சுமந்தவ. அவங்க கையப் பாத்து அந்தப் பொய்யச் சொல்ல எனக்கு வாய் வரல.

"வந்திருக்கும்க்கா."

அக்கா கைய விடுவிச்சுக்கினு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தாங்க. அதுக்கப்புறம் சாவற வரைக்கும் அவங்க யாரோடயும் பேசல.